வால்வுக்குப் பொருத்தம் பார்ப்போம்

நம் மன்றத்து நண்பர்களிடையே அண்மையில் ஒரு புதிய ஆசை பரவி வருகிறது. கண்ணாடிக் குழாய்க்குள் செந்தணல் ஒளிரும் வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றை வாங்கி, விடுதி அறையிலோ ஊரில் உள்ள வீட்டிலோ வைத்துப் பாட்டுக் கேட்க வேண்டும் என்னும் ஆசையே அது. உதவித்தொகையை மாதந்தோறும் மிச்சம் பிடிப்பவர் சிலர். முதல் சம்பளம் வந்ததும் முதல் வேலை இதுதான் என்று நாள் எண்ணுபவர் சிலர். மன்றத்தின் படிப்பகத்திற்கும் ஒன்று வாங்கலாமே என்ற பேச்சு இப்போது எழுந்திருக்கிறது. தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்திருக்கும் நமக்கு, மாலை வேளையில் கூடியிருந்து ஒரு வீணையையோ நாதசுரத்தையோ கேட்பதைவிட இனியது வேறு என்ன இருக்க முடியும்? ஆதலால் இந்த ஆசையைக் குறை கூற நான் முன்வரவில்லை. நல்ல ஆசைதான், ஆனால் நண்பர்கள் கேட்கும் கேள்விதான் பிழையாக இருக்கிறது என்பதே என் கட்சி.

“எந்த வால்வு நல்லது?”, “எத்தனை வாட்?”, “விலை என்ன?” - இம்மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. “எந்த ஸ்பீக்கரோடு இணைக்கப் போகிறோம்?” என்று எவரும் கேட்பதில்லை. மணமகனை மட்டும் பார்த்துவிட்டு, மணமகள் யாரென்று கேளாமலே பந்தற்கால் நடுவதைப் போன்றது இது. மற்றப் பொருத்தங்களை நம்புவோரும் நம்பாதோரும் நம்மிடையே உண்டு. ஆனால் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்த்தே தீர வேண்டும். இது சோதிடம் அன்று; பெருக்கல் வகுத்தல் அறிந்தவர் எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

தமிழில் ஆம்ப்ளிபையரையும் ஸ்பீக்கரையும் “ஒலிபெருக்கி” என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் இருக்கிறது. குழப்பம் வேண்டாம். இக்கட்டுரையில் ஆம்ப்ளிபையரைப் பெருக்கி என்றும், ஒலியை வெளியிடுவதை ஸ்பீக்கர் என்றும் சொல்லிச் செல்கிறேன்.

முதலில் வால்வின் இயல்பைப் பார்ப்போம். 1904இல் பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் இரண்டு முனை உள்ள வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனை ஒன்றைப் புகுத்தினார். அதுவே மெல்லிய மின்குறியைப் பெருக்கும் கருவியாக வளர்ந்தது. இந்த வால்வு மிக உயர்ந்த மின்னழுத்தத்தில், மிகச் சிறிய மின்னோட்டத்தில் வேலை செய்யும் இயல்புடையது. ஸ்பீக்கரின் இயல்போ இதற்கு நேர்மாறு. அதற்குச் சிறிய மின்னழுத்தமும் பெரிய மின்னோட்டமும் வேண்டும். வால்வு தன் முன்னால் சில ஆயிரம் ஓம் மின்மறுப்பை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரிடம் இருப்பதோ எட்டு ஓம், சிலவற்றில் நான்கே ஓம்.

இந்த இருவரையும் சேர்த்துவைக்கும் தரகர்தான் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர். அதன் ஒரு பக்கத்துச் சுற்றுகள் மறு பக்கத்தைப்போல் 25 மடங்கு என்று கொள்வோம். மின்மறுப்பு 25இன் வர்க்கமாக, அதாவது 625 மடங்காக மாறித் தெரியும். எட்டு ஓம் ஸ்பீக்கர் வால்வின் கண்ணுக்கு 5,000 ஓமாகத் தோன்றும். அந்த இடத்தில் நான்கு ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 2,500 ஓம்தான் தோன்றும், வால்வு திணறும், ஆற்றல் குறையும், ஒலியில் பிசிறு கூடும். நல்ல பெருக்கிகளின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் வைத்திருப்பது இதற்காகத்தான். இவற்றை அலங்காரம் என்று எண்ணி, கைக்கு எட்டிய முனையில் கம்பியைச் செருகுகிறவர்கள் உண்டு. தரகர் சொல்வதைக் கேளாமல் சம்பந்தம் பேசுவோர் அவர்கள்.

இனி ஆற்றலுக்கு வருவோம். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஓர் அளவு உண்டு. ஒரு வாட் ஆற்றல் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கேட்கிறது என்று அளந்து சொல்வார்கள். விளம்பரத்தாளின் மூலையில் சிற்றெழுத்தில் கிடக்கும் இந்த எண்ணே உண்மையில் முதல் எண். மூன்று டெசிபல் கூட வேண்டுமானால் ஆற்றல் இரு மடங்காக வேண்டும். பத்து டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்காக வேண்டும். 84 டெசிபல் ஸ்பீக்கர் நூறு வாட்டில் செய்யும் வேலையை 104 டெசிபல் ஸ்பீக்கர் ஒரே வாட்டில் செய்துவிடும். “எத்தனை வாட்?” என்று மட்டும் கேட்பது, வண்டியில் என்ன பாரம் என்று சொல்லாமல் எத்தனை மாடு வேண்டும் என்று கேட்பதாகும்.

நம் அறைக்கே கணக்குப் போடுவோம். ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். திறந்த வெளியானால் இந்தத் தொலைவுக்கு ஏறக்குறைய 9.5 டெசிபல் குறையும். அறைச் சுவர்களும் இரண்டாவது ஸ்பீக்கரும் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். நிகரமாக நான்கு டெசிபல் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். நாம் கேட்பது 75 டெசிபல் அளவிலான இதமான பாட்டு. ஆனால் மிருதங்க வித்துவான் தனி ஆவர்த்தனத்தில் ஒரு முத்தாய்ப்பு வைக்கும்போது, அந்த ஒரு கணத்தில் ஒலி இருபது டெசிபல் வரை எழக்கூடும். அப்போது நமக்கு 95 வேண்டும். 84 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் நம் காதுக்குத் தருவது 80. இன்னும் 15 டெசிபல் வேண்டுமானால் 32 வாட் தேவை. 94 டெசிபல் ஸ்பீக்கருக்கோ மூன்று வாட்டுக்குச் சற்று மேலே போதும். ஆகவே ஐந்து வாட் வால்வுப் பெருக்கி ஓர் அறையில் அரசனாகவும் இன்னோர் அறையில் ஆண்டியாகவும் இருப்பதற்குக் காரணம் வால்வு அன்று, ஸ்பீக்கர்.

இதில் ஏமாற்று ஒன்றும் கலந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் பெருக்கி தன் எல்லையைக் கடந்தால் கரகரவென்று கத்திவிடும். உடனே ஒலியைக் குறைத்துவிடுவோம். பல வால்வுப் பெருக்கிகள், அதிலும் பின்னூட்டம் குறைந்தவை, அப்படிக் கத்துவதில்லை. எழுந்த அலையின் தலையை மெதுவாக வழித்துவிடும். காதில் உறுத்தல் இல்லை. ஆனால் அடியின் கூர் மழுங்கிப் போகிறது. கேட்பவர் அதை “இதமான ஒலி” என்று பாராட்டுகிறார்!

நம் விடுதி நண்பர் ஒருவரின் அறையில் இதை நேரில் கண்டேன். சிறிய அலமாரி ஸ்பீக்கர். ஐந்து வாட்டை எட்டாத வால்வுப் பெருக்கி. விற்றவர் இரண்டையும் ஒரே தொகுப்பாகக் கட்டிக் கொடுத்திருந்தார். தவில் தனியாக வாசிக்கும் ஓர் இசைத்தட்டைப் போட்டோம். தொலைவில் எங்கோ துணி துவைப்பதுபோல் இருந்தது. “பழைய ஒலிப்பதிவு, அப்படித்தான் இருக்கும்” என்றார் நண்பர். மறுநாள் இன்னொருவரிடமிருந்து பன்னிரண்டு அங்குலக் கூம்பு பொருத்திய பெரிய பழைய ஸ்பீக்கர் இரண்டை இரவல் வாங்கி மாட்டினோம். பெருக்கி அதேதான், இசைத்தட்டும் அதேதான். தவில் எங்கள் முன்னால் வந்து நின்றது. விரலில் கூடு அணிந்த வலக்கையின் அடியும், குச்சி பிடித்த இடக்கையின் அடியும் தனித்தனியே கேட்டன. பதிவின்மேல் பழி போட்ட நண்பர் அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

உணர்திறன் ஒன்றைப் பார்த்தால் போதுமா? போதாது. ஸ்பீக்கரின் முதுகில் எட்டு ஓம் என்று எழுதியிருப்பது சராசரிப் பெயர்தான். தாழ்ந்த சுருதியில் அதன் கூம்பு இயல்பாகவே அதிரும் இடத்தில் மின்மறுப்பு முப்பது ஓமுக்கும் மேலே ஏறும். வேறோர் இடத்தில் நான்கு ஓமுக்கு இறங்கும். பெருக்கிக்கும் தனக்கென்று ஓர் உள் மின்மறுப்பு உண்டு. பின்னூட்டம் இல்லாத ஒற்றை வால்வுப் பெருக்கியில் அது இரண்டு ஓம் இருப்பது இயல்பு. கணக்குப் போட்டால், நான்கு ஓம் இடத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு மின்னழுத்தம். முப்பது ஓம் இடத்தில் கிடைப்பது ஏறக்குறைய முழுமையும். இரண்டுக்கும் இடையே மூன்று டெசிபல் வேறுபாடு! உள் மின்மறுப்பு 0.1 ஓமே உள்ள டிரான்சிஸ்டர் பெருக்கியில் இவ்வேறுபாடு 0.2 டெசிபலைத் தாண்டுவதில்லை.

இதன் பொருள் என்ன? ஸ்பீக்கரின் மேடு பள்ளங்கள் பாட்டின்மேல் பதிந்துவிடுகின்றன என்பதே. மிருதங்கத்தின் தொப்பி, அடித்தவுடன் அடங்காமல் பொம்மென்று நீள்கிறது. கூம்பைப் பிடித்து நிறுத்தும் வலிமை பெருக்கிக்கு இல்லை. இதையும் “வால்வின் தனிச்சுவை” என்று சொல்லி மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வால்வுக்குத் தனிச்சுவை ஒன்று உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒற்றை வால்வு கூட்டும் பிசிறில் பெரும்பகுதி இரண்டாம் மடங்கு அதிர்வெண். ஷட்ஜத்திற்கு அது மேல் ஷட்ஜம். சுருதியோடு ஒட்டிப் போவதால் காது அதை வெறுப்பதில்லை. ஆனால் உப்புச் சுவை வேறு, உப்புக் கரித்தல் வேறு. பொருத்தமில்லாத ஸ்பீக்கரால் வரும் குறையை வால்வின் குணமாக எண்ணிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முன்னோடிகள் இப்பொருத்தத்தை நன்கு அறிந்திருந்தனர். 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளில் சில வாட்டுகளே தந்த வால்வுப் பெருக்கிகள் மண்டபத்தை நிரப்பின. எதிரே இருந்தவை பெரிய கூம்புக் குழல் ஸ்பீக்கர்கள். இன்று பலர் பெயர் சொல்லிப் போற்றும் 300பி என்னும் வால்வு அந்தக் குடும்பத்தில் 1938இல் வந்தது. ஒற்றையாக நின்றால் எட்டு வாட் அளவே தரும். குழல் ஸ்பீக்கரின் கொள்கையை வீட்டு மூலைக்குக் கொண்டுவந்தவர் பால் கிளிப்ஷ். அவருடைய 1940களின் மூலை ஸ்பீக்கர் நூறு டெசிபலைத் தாண்டும் உணர்திறன் உடையது. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1953இல் குவாட் 2 என்னும் 15 வாட் வால்வுப் பெருக்கியை வெளியிட்டார்; 1957இல் அதே நிறுவனத்திலிருந்து நிலைமின் ஸ்பீக்கர் வந்தது. அளவு மீறிய ஆற்றலைத் தாங்காத ஸ்பீக்கர் அது. அந்தப் பதினைந்து வாட்டுக்கு ஏற்ற துணை.

பிறகு எங்கே பிரிவு வந்தது? 1954இல் எட்கர் வில்சர் என்னும் அமெரிக்கர் மூடிய சிறு பெட்டிக்குள்ளிருந்து ஆழ்ந்த தாழ்சுருதியை வரவழைத்துக் காட்டினார். அரிய சாதனைதான், ஆனால் அதற்கு விலை உணர்திறன். சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுருதி, உயர்ந்த உணர்திறன் - இம்மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஹாப்மன் என்பவரின் பெயரால் வழங்கும் விதி. 1960கள் முதல் டிரான்சிஸ்டரால் வாட் மலிவாயிற்று. மலிவான வாட்டை நம்பிப் பெட்டிகள் சிறுத்தன. நம் அலமாரி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அந்த மரபில் வந்தவை. அவற்றைக் கொண்டுபோய் 1930களின் எட்டு வாட் வால்வோடு இணைப்பது, பேத்தியைப் பாட்டனின் மாட்டுவண்டியில் கல்லூரிக்கு அனுப்புவதாகும். வண்டியும் நல்ல வண்டிதான், பேத்தியும் நல்லவள்தான்.

விதிக்கு விலக்கும் உண்டு. பி.பி.சி. நிறுவனம் 1970களில் வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு ஸ்பீக்கரின் உணர்திறன் 83 டெசிபல் அளவே. ஆயினும் பலர் அதை வால்வுப் பெருக்கியோடு சேர்த்து இன்புற்றிருக்கின்றனர். அதன் முதல் வடிவின் மின்மறுப்பு 15 ஓம். ஆகையால் வால்வுக்கு அது எளிய துணை. சிறிய அறையில், அருகில் அமர்ந்து, தணிந்த ஒலியில் கேட்பவருக்கே அது தக்கது. இந்த விலக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்ற கருத்தையே வலியுறுத்துகிறது.

“இவ்வளவு தொல்லை எதற்கு? நூறு வாட் டிரான்சிஸ்டர் பெருக்கி ஒன்றை வாங்கிவிட்டுப் போகலாமே” என்று சிலர் கேட்கலாம். உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர் ஏற்கெனவே கையில் இருப்பவர் அப்படியே செய்க. அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. இசை கெட்டுப் போகாது. வால்வுதான் வேண்டுமென்று உறுதி கொண்டவர், முதலில் ஸ்பீக்கரைத் தேடுக. 92 அல்லது 94 டெசிபலுக்கு மேற்பட்ட உணர்திறன், ஆறு ஓமுக்குக் கீழே இறங்காத மின்மறுப்பு, கொஞ்சம் பெரிய பெட்டி - இவை இருந்தால் சிறிய வால்வும் பெரிய மனத்தோடு பாடும். இடைப்பட்ட ஸ்பீக்கர் உடையவர் ஒற்றை வால்வை விடுத்து, இரண்டு வால்வுகள் மாறி மாறித் தள்ளி இழுக்கும் அமைப்பை நாடலாம். ஈ.எல். 84 வால்வு இரண்டு பன்னிரண்டு வாட்டுக்கு மேலும், ஈ.எல். 34 இரண்டு முப்பது வாட்டுக்கு மேலும் தரும். இவை பெரும்பாலும் பின்னூட்டத்தோடு அமைவதால் உள் மின்மறுப்பும் குறைவு. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தது வீணன்று.

வாங்குமுன் நினைவில் கொள்ள வேண்டிய செய்திகள் வேறு சிலவும் உண்டு. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பெருக்கி 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. கோடையில் இவ்வூர் வெயில் நாம் அறிந்ததே. நான்கு ஈ.எல். 34 வால்வுகளின் இழைகளைச் சூடேற்ற மட்டும் 38 வாட் செலவாகும். பாட்டுக்கான ஆற்றல் அதற்கு மேல். மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டு கேட்க மனம் வேண்டும். வால்வு தேய்ந்து மாற்ற வேண்டி வரும் பொருள். மாற்று வால்வு எளிதாகக் கிடைக்கும் வகையைத் தேர்வதே அறிவு.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் அழுத்திச் சொல்வேன். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெருக்கியில் பாட்டை ஓட்டக் கூடாது. டிரான்சிஸ்டர் பெருக்கி அதைப் பொறுத்துக்கொள்ளும். வால்வுப் பெருக்கியிலோ டிரான்ஸ்பார்மரில் மின்னழுத்தம் தாறுமாறாக எழுந்து, காப்பை எரித்துவிடக்கூடும். மற்றது உயிரைப் பற்றியது. உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட் ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். பொறியியல் மாணவர் என்ற துணிச்சலில் மூடியைத் திறந்து விரலை நீட்ட வேண்டாம்.

மன்றத்திற்கு வாங்கும் பேச்சைப் பற்றி என் கருத்தைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். அது உறுப்பினர் சந்தாப் பணம். மெஸ் கட்டணத்திற்கே கணக்குப் பார்க்கும் மாணவர் கொடுத்தது. அழகான குழாய்களைப் பார்த்து மயங்கி அதைச் செலவிட நமக்கு உரிமை இல்லை. படிப்பகம் நம் விடுதி அறையைவிடப் பெரியது, கூடுகிறவரும் பலர். முதலில் நல்ல உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் ஒரு சோடி வாங்குவோம். அதற்கென ஒதுக்கும் பணம் பெருக்கிக்கு ஒதுக்குவதைவிட மிகுதியாக இருக்கட்டும். இருக்கிற பழைய டிரான்சிஸ்டர் பெருக்கியையே அதில் இணைத்து ஓராண்டு கேட்போம். பிறகு யாரிடமாவது ஒரு வால்வுப் பெருக்கியை ஒரு வாரத்திற்கு இரவல் பெற்று, அதே ஸ்பீக்கரில், அதே தவில் இசைத்தட்டைப் போட்டு, எல்லோரும் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்வோம். தேர்வாளர் தவிலாக இருக்கட்டும், விளம்பரத்தாள் வேண்டாம்.

செயற்குழுவில் இது வாக்கெடுப்புக்கு வருமானால், வால்வு வேண்டுமா வேண்டாமா என்ற தீர்மானத்தில் நான் எப்பக்கமும் கை தூக்கப் போவதில்லை. முதலில் ஸ்பீக்கர், பிறகு பெருக்கி என்று ஒரு தீர்மானம் வரட்டும். அதற்கு இரண்டு கையையும் தூக்குவேன்.